150 குரோக்கஸ் கிழங்குகள், 11 பூக்கள்

முதல் ஆண்டு நான் நட்ட குரோக்கஸ் கிழங்குகள் 150. அடுத்த வசந்தத்தில் பூத்தவை 11. தோட்டத்துக்கென்று அந்த ஆண்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் முக்கால்வாசி அந்தக் கிழங்குகளுக்கே போயிருந்தது. இரண்டு சனி ஞாயிறுகள் ஈர மண்ணில் மண்டியிட்டு நட்டேன், அப்புறம் ஐந்து மாதம் காத்திருந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. என்ன தப்பு நடந்தது என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதுதான் மனதை அரித்தது. ஒவ்வொரு தப்பையும் நானே ஒன்றொன்றாகத் தோண்டிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நட நினைப்பவர்களுக்கு அந்த மூன்று ஆண்டுகளாவது மிச்சமாகட்டும் என்றுதான் எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆசை வந்த விதம் எளிமையானது. ஒரு குளிர்காலத்தின் கடைசியில், பாதி உருகிய பனிக்கு நடுவே, ஒரு வேலியோரம் ஊதா நிறத்தில் விரல் உயரத்துக்குக் கொஞ்சம் குரோக்கஸ் பூக்கள் நிற்பதைப் பார்த்தேன். ஐந்து மாதமாகப் பச்சையே பார்க்காத கண்கள். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு இதழைத் தொட்டுப் பார்த்தேன். பனியை விடச் சில்லென்று இருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. அடுத்த ஆண்டு இது என் வீட்டு வாசலில் இருக்க வேண்டும், வீட்டுக்குள்ளும் ஒரு தொட்டியில் இருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதல் தப்பு வாங்கும்போதே நடந்தது. இலையுதிர்காலம் முடியப் போகும் நேரத்தில், விற்காமல் கிடந்த பைகளை விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெரிய பையை எடுத்துவந்தேன். மேலே குரோக்கஸ், கலப்பு நிறம் என்று மட்டும் இருந்தது, எந்த இனம் என்று இல்லை. வீட்டில் பிரித்தபோது சில கிழங்குகள் அழுத்தினால் உள்ளே போயின, சிலவற்றின் மேல் நீலப் பூசணம் படர்ந்திருந்தது. மண்ணுக்குள் போனால் சரியாகிவிடும் என்று நினைத்து அவற்றையும் நட்டேன். சரியாகாது. கிழங்கு கையில் கனமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மேல்தோல் உரிந்திருந்தால் கவலையில்லை. லேசாகப் பூசணம் படிந்து, துடைத்தால் அடியில் கெட்டியாக இருந்தால் அதுவும் பிழைக்கும். மெத்தென்று இருப்பதை, காற்றுப்போல எடையே இல்லாமல் இருப்பதை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். அழுகல் பக்கத்துக் கிழங்குக்கும் பரவும்.

இந்தக் கிழங்கை எல்லாரும் பல்பு, அதாவது வெங்காயம் போன்ற குமிழ், என்றுதான் சொல்கிறோம். ஆனால் குரோக்கஸை வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிக்க முடியாது. குறுக்கே வெட்டினால் சேப்பங்கிழங்கு போல உள்ளே ஒரே வெள்ளைச் சதை. தாவரவியலில் இதைக் கந்தம் என்பார்கள். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பது எனக்கு ஒரு ஆண்டு கழித்து, இலையை வெட்டிய பிறகுதான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு, கிழங்கின் சுற்றளவைப் பாருங்கள். பெரிய பூ பூக்கும் டச்சு வகைகளில், அதாவது குரோக்கஸ் வெர்னஸில், 9 அல்லது 10 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கிழங்கு இரண்டு மூன்று பூக்களாவது கொடுக்கும். என் பையில் இருந்தவை பெரும்பாலும் அதில் பாதிதான். சீக்கிரம் பூக்கும் சிறு இனங்களின் கிழங்குகள் இயல்பிலேயே சின்னவை, அவற்றுக்கு 5 சென்டிமீட்டர் போதும். எந்த இனம் என்று தெரியாமல் வாங்கினால் சின்னது நல்ல சின்னதா, வளராத சின்னதா என்று சொல்லவே முடியாது.

இனப்பெயர் இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். சீக்கிரம் பூக்க வேண்டும் என்பதுதான் நம் ஆசை. டச்சு வகைகள் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. பனி உருகும்போதே வருபவை கிரைசாந்தஸ், தொம்மாசினியானஸ், சீபெரி, ஆங்கிரென்சிஸ் போன்றவை. டச்சு வகையைவிட இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே பூத்துவிடும். அதேபோல, இலையுதிர்காலக் குரோக்கஸ் என்ற பெயரில் விற்கப்படும் கோல்ச்சிகம் உண்மையில் குரோக்கஸே இல்லை. செடி முழுவதும் நஞ்சு. குழந்தைகளோ செல்லப்பிராணிகளோ இருக்கும் வீட்டில் இதை நினைவில் வையுங்கள். பூத்த பிறகு அடையாளம் காண்பது எளிது: குரோக்கஸ் பூவுக்குள் மகரந்தத் தாள்கள் 3, கோல்ச்சிகத்துக்கு 6. நாம் குங்குமப்பூ எடுக்கும் குரோக்கஸ் சட்டைவஸும் இலையுதிர்காலத்தில் பூப்பதுதான். அதன் வளர்ப்புமுறையே வேறு. நான் இங்கே எழுதுவது அதற்குப் பொருந்தாது.

சரி, நட்ட கதைக்கு வருகிறேன். 66 கிழங்குகளை வெயில் படும் சுவரோரப் பாத்தியில் நட்டேன். 60-ஐப் புல்தரையின் பள்ளமான பகுதியில் போட்டேன், அங்கே பூத்தால் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும் என்று. மீதி 24 வீட்டுக்குள் வளர்க்க மூன்று தொட்டிகளில். மண் ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தது. கைக்கொத்து உள்ளே போகவே மறுத்தது. முதல் பத்துப் பன்னிரண்டு குழிகளை ஒழுங்காகத் தோண்டினேன், அப்புறம் மணிக்கட்டு வலி தாங்காமல் மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலேயே வைத்து மண்ணை இழுத்து மூடிவிட்டேன். வேண்டியது 8 முதல் 10 சென்டிமீட்டர். மண் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்ததும் நட்டுவிட வேண்டும், தரை உறைவதற்குள் வேர் பிடிக்க அதற்குச் சில வாரமாவது கிடைக்க வேண்டும். தட்டையான பக்கம் கீழே, கூரான முனை மேலே. முனை தெரியாவிட்டால் பக்கவாட்டில் வையுங்கள், செடி தானே திரும்பி மேலே வந்துவிடும். குரோக்கஸுக்குச் சுருங்கி இழுக்கும் வேர்கள் உண்டு. காலப்போக்கில் அவை கிழங்கைத் தனக்குச் சரியான ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் கிழங்கு முதலில் அங்கேயே இருக்க வேண்டுமே.

மறுநாள் காலை என் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, இங்க யாரோ தோண்டிப் போட்டிருக்காங்க!" செருப்பு மாட்டாமல் ஓடினேன். சுவரோரப் பாத்தி முழுவதும் சின்னச் சின்னக் குழிகள். குழிகளின் ஓரத்தில் வலைபோன்ற பழுப்பு நிறத் தோல்கள் கிழிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், பாதி கடித்த கிழங்கு, வெள்ளைச் சதையில் இரண்டு பல் தடம் அப்படியே பதிந்திருந்தது. அணில்கள். எண்ணிப் பார்த்தேன், 41 குழிகள். அன்று வேலையில் எதுவுமே ஓடவில்லை. மாலையில் வந்து மிளகாய்த்தூள் தூவினேன், இரவு பெய்த மழை அதைக் கொண்டுபோய்விட்டது. செடிக்கு நல்லது என்று நான் குழிகளில் போட்டிருந்த எலும்புத்தூளின் வாசம்தான் அவற்றைக் கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். புதிதாகக் கிளறிய மண்ணும் போதும் அவற்றுக்கு, இங்கே ஏதோ புதைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இதற்கு எனக்குப் பலித்த ஒரே வழி கம்பி வலை. கிழங்குகளை வைத்து, பாதி மண் மூடி, அதன்மேல் இரண்டரை சென்டிமீட்டர் கண் உள்ள வலையை விரித்து, மீதி மண்ணைப் போட்டுவிட வேண்டும். இலையும் பூவும் அந்தக் கண் வழியாக வந்துவிடும், அணிலால் தோண்டி எடுக்க முடியாது. வலையின் ஓரங்களை மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் புகுந்து எடுக்கும். நட்டு முடித்ததும் தரையில் சிதறிய தோல்களை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள், மேலே உதிர்ந்த இலைகளைப் பரப்பிக் கிளறிய தடத்தை மறையுங்கள். வலை போட மனமில்லாதவர்கள் தொம்மாசினியானஸை நடலாம். அணில்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடும் என்று வளர்ப்பவர்கள் சொல்வது என் தோட்டத்தில் உண்மையாகவே இருந்தது. வலை இல்லாமல் நட்ட 15-ல் ஒன்றுதான் போனது.

புல்தரைப் பள்ளத்தில் நட்ட 60-ஐ அணில் தொடவில்லை. தண்ணீர் கொண்டுபோனது. குளிர்காலம் முழுவதும் உருகிய பனி அங்கேதான் வந்து தேங்கியது. வசந்தத்தில் தோண்டியபோது கிழங்கு இருந்த இடத்தில் ஈரத்தோல் மட்டும் இருந்தது, உள்ளே கஞ்சிபோல ஏதோ, மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் நாற்றம். குரோக்கஸ் இனங்களில் பலவற்றுக்குத் தாயகம் மத்தியதரைக்கடலைச் சுற்றிய மலைச்சரிவுகளும் மேற்கு ஆசியாவும். குளிரில் ஈரம், கோடையில் வறட்சி, எப்போதும் வடியும் கல்மண், இதுதான் அதற்குப் பழக்கம். பனியைத் தாங்கும் செடி என்பதால் தண்ணீரையும் தாங்கும் என்று நினைத்துவிட்டேன். நடுவதற்கு முன் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது மண்ணைக் கூட்டி மேடாக்கி மணலும் சிறு கல்லும் கலந்து நடுங்கள். கோடையில் தினமும் தண்ணீர் பாயும் பூப்பாத்தியும் அதற்கு ஆகாது. தூங்கும் கிழங்குக்குக் காய்ந்த மண்தான் படுக்கை.

வீட்டுக்குள் நடந்ததுதான் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது, ஏனென்றால் அங்கே அணிலும் இல்லை, பனியும் இல்லை, பழி முழுக்க என் மேல்தான். தொட்டியில் வைத்துச் சில வாரம் குளிரில் வைத்தால் பூக்கும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். மூன்று தொட்டிகளையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன், பக்கத்திலேயே ஆப்பிள் கூடை. மகள் தினமும் கதவைத் திறந்து பார்ப்பாள். "இன்னும் வரலையா?" "இல்லம்மா, இன்னும் கொஞ்ச நாள்." ஆறாவது வாரம் வெள்ளை முளை தலைகாட்டியதும் எனக்கே பொறுமை போய்விட்டது. எடுத்து, ஹீட்டருக்கு மேலே இருக்கும் ஜன்னல் திண்டில் வைத்தேன். பத்தே நாளில் இலைகள் கிடுகிடுவென்று உயர்ந்தன. ஒடிசலாக, வெளிறி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன. பூ மட்டும் இல்லை. நடுவில் காகிதம்போல ஒரு உறை நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் அதை நகத்தால் மெல்லப் பிரித்தேன். உள்ளே அரிசிமணி நீளத்துக்கு ஒரு மொட்டு, பழுப்பாகி, தொட்டதும் உதிரும் அளவுக்குக் காய்ந்திருந்தது. இதழின் நுனியில் மஞ்சள் நிறம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. 24 கிழங்கிலும் அதே கதைதான். அதை மகளிடம் காட்டவில்லை, குப்பையில் போட்டுவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றேன்.

அங்கே நான் செய்தவை மூன்று தப்புகள். முதலாவது, குளிர் போதவில்லை. பூமொட்டு முந்தைய கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகித் தயாராக இருக்கும். அது நீண்டு வெளியே வரக் குளிர்தான் திறவுகோல். குரோக்கஸ் குளிரைப் பொறுத்துக்கொள்ளும் செடி என்று நினைத்திருந்தேன். இல்லை, குளிர் அதற்கு வேண்டும், கணக்காக வேண்டும். 2 முதல் 9 டிகிரிக்குள் 12 முதல் 15 வாரம். முளை வந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள், காலண்டரை வைத்து முடிவு செய்யுங்கள். முளை ஆறு வாரத்தில் வரும், பூ அதை நம்பி வராது. இரண்டாவது, அந்த ஆப்பிள். பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழம் எல்லாமே. நமக்கு வாசமே தெரியாது, ஆனால் கிழங்குக்குள் இருக்கும் மொட்டை அது உள்ளேயே கருக்கிவிடும். கிழங்கு வைக்கும் ஃபிரிட்ஜில் பழமே இருக்கக் கூடாது. மூன்றாவது, குளிரிலிருந்து எடுத்ததும் நேராகச் சூட்டில் வைத்தது.

இரண்டாவது ஆண்டு எதையும் நினைவை நம்பிச் செய்யவில்லை. அகலமான, ஆழம் குறைந்த, அடியில் ஓட்டையுள்ள இரண்டு தொட்டிகள். 10 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள டச்சு வகைக் கிழங்குகள், தொட்டிக்கு 10. ஒன்றோடொன்று முட்டாமல், ஆனால் நெருக்கமாக வைத்து, மேலே இரண்டு விரல் கனத்துக்கு மட்டும் மண். தோட்டத்தைப் போல ஆழம் இங்கே தேவையில்லை. நன்றாகத் தண்ணீர் ஊற்றி, வடியவிட்டு, தொட்டியில் ஒட்டிய பட்டையில் தேதியை எழுதினேன். வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டியால் மூடி, சூடாக்காத பின்னறையில் வைத்தேன். அங்கே ஒரு வெப்பமானி. வாரம் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். பிழிந்த துணிபோல இருந்தால் போதும், காய்ந்தால் மட்டும் தண்ணீர். 14 வாரம். வட அரைக்கோளத்தில் இருப்பவர்கள் அக்டோபர் தொடக்கத்தில் வைத்தால் ஜனவரி நடுவில் எடுக்கலாம். முளை அப்போது ஐந்து சென்டிமீட்டர் இருந்தது, தொட்டியின் ஓட்டை வழியாக வெள்ளை வேர்கள் எட்டிப்பார்த்தன. அந்த வேரைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

எடுத்ததும் ஜன்னலுக்குக் கொண்டுபோகவில்லை. முதல் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே 10 முதல் 13 டிகிரி இருக்கும் நடைபாதையில், நேர் வெயில் படாத இடத்தில். வெளிறிய முளை பச்சையானதும் வெளிச்சமான, ஆனால் சூடில்லாத ஜன்னலுக்கு. 18 டிகிரியைத் தாண்டினால் பூ வந்தாலும் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். இரவில் மறுபடியும் நடைபாதைக்குக் கொண்டுபோய் வைத்தேன், ஒவ்வொரு பூவும் கூடுதலாகச் சில நாள் நின்றது. எடுத்த பதினாறாவது நாள் முதல் பூ. 20 கிழங்கில் 18 பூத்தன. இரண்டாவது தொட்டியை இரண்டு வாரம் தள்ளி எடுத்ததால் ஏறக்குறைய ஒரு மாதம் வீட்டில் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருந்தது. எல்லாத் தொட்டிகளையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள்.

கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குவளையில் தண்ணீரில் வளர்ப்பதும் உண்டு. மூன்று குவளையில் செய்துபார்த்தேன். தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடக் கூடாது, அதற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும், தொட்டால் அழுகும். வேர் இறங்குவதைப் பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் கிழங்கு தன் சேமிப்பை எல்லாம் செலவழித்துவிடுகிறது, பிறகு அதை நம்ப முடியாது. எனக்கு மனசு ஒப்பவில்லை, மறுபடி செய்யவில்லை. தொட்டியில் பூத்தவற்றை மண்ணோடு தோட்டத்துக்கு மாற்றலாம். அடுத்த ஆண்டே வீட்டுக்குள் பூக்கவைக்க முயலாதீர்கள், அதற்கு ஓய்வு வேண்டும். குளிர்காலமே வராத ஊரில் இருப்பவர்களுக்கும் தொட்டி முறை ஒன்றுதான் வழி. ஃபிரிட்ஜில் குளிர் கொடுத்து ஒரு முறை பூக்கவைக்கலாம், ஆனால் அந்த மண்ணில் அது நிலைத்து ஆண்டுதோறும் பூக்கும் என்று எதிர்பார்த்துப் பணத்தைப் போடாதீர்கள்.

முதல் வசந்தத்தின் அந்த 11 பூக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுவரோரத்தில் அணில் விட்டுவைத்த 25-ல் அவைதான் பூத்தன, எல்லாமே நான் அலுத்துப்போகும் முன் ஆழமாக நட்ட முனையில். ஒரு காலை மேகமாக இருந்தது, 11 பூக்களும் மூடிய குடைபோலக் கூம்பி நின்றன. பதினோரு மணிக்கு வெயில் வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கால் மணி நேரத்துக்குள் கண்ணெதிரே விரிந்தன. சூடு ஏறும்போது இதழின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட வேகமாக வளர்வதால் இதழ் வெளியே வளைகிறது. குளிர்ந்தால் இது தலைகீழாக நடந்து பூ மூடிக்கொள்கிறது. மூடியிருக்கும் பூவைப் பார்த்து வாடிவிட்டது என்று பறித்துவிடாதீர்கள். நாம் தண்டு என்று நினைக்கும் அந்த வெள்ளைக் குழாய்கூடத் தண்டு இல்லை, இதழ்களே கீழே ஒன்றாகச் சேர்ந்த குழாய். சூலகம் மண்ணுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மேலே பனி பொழிந்து பூ கருகினாலும் உள்ளே விதை கெடாது. ஒரு தேனீ வந்து மஞ்சள் பூ ஒன்றுக்குள் தலைகீழாக இறங்கி, மகரந்தத்தில் புரண்டு, வெளியே வர மறந்ததுபோல அங்கேயே கிடந்தது. அந்த நேரத்தில் அதற்கு வேறு பூ எங்கே இருக்கிறது?

அந்த 11-ஐயும் நானே கெடுத்தேன். பூ முடிந்ததும் இலைகள் நீண்டு, தரையில் சாய்ந்து, பார்க்க ஒழுங்கில்லாமல் கிடந்தன. நடுவில் வெள்ளிக் கோடு ஓடும் மெல்லிய இலைகள். பாத்தியைச் சுத்தம் செய்கிறேன் என்று கத்திரியால் அடியோடு வெட்டினேன். அடுத்த ஆண்டு 4 தான் பூத்தன, மற்ற இடங்களில் நூல்போல இலை மட்டும் வந்தது. ஒன்றைத் தோண்டிப் பார்த்தேன், அப்போதுதான் கந்தம் என்றால் என்ன என்று புரிந்தது. பழைய கிழங்கு காய்ந்த பொத்தான்போலச் சுருங்கி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையில் புதுக் கிழங்கு ஒன்று, பட்டாணி அளவுதான். குரோக்கஸ் ஒவ்வொரு ஆண்டும் பழைய கிழங்கைச் செலவழித்துவிட்டு, அதன் மேலேயே புதிதாக ஒன்றைச் செய்துகொள்கிறது. புதியதைச் செய்வது இலை. இலையை வெட்டினால் அடுத்த ஆண்டின் கிழங்கையே வெட்டுகிறோம். பூ முடிந்து ஆறு வாரமாவது, இலை தானாக மஞ்சளாகி இழுத்தால் கையோடு வரும்வரை, தொடாதீர்கள். புல்தரையில் நட்டிருந்தால் அதுவரை புல் வெட்டும் இயந்திரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இதற்குச் சம்மதம் இல்லையென்றால் புல்தரையில் நடவே வேண்டாம்.

இரண்டாவது ஆண்டு வெளியே நட்டது 40 மட்டும். கிரைசாந்தஸ் 25, வலைக்கு அடியில். தொம்மாசினியானஸ் 15, வலை இல்லாமல் ஒரு உதிரிலை மரத்தின் கீழே. மரம் இலை விடுவதற்குள் குரோக்கஸ் தன் வேலையை முடித்துவிடும், கோடையில் மரத்தின் வேர்களே அந்த மண்ணைக் காயவைத்துவிடும். 40-ல் 37 பூத்தன. சுவரோரத்தில் இருந்தவை மரத்தடியில் இருந்தவற்றைவிட ஒன்பது நாள் முந்திக்கொண்டன, சுவர் பகலில் வாங்கிய சூட்டை வைத்திருந்து கொடுப்பதால். மஞ்சள் பூக்களைச் சிட்டுக்குருவிகள் கொத்திக் கிழித்தன, அதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஊதாவை அவ்வளவாகத் தொடவில்லை.

தொம்மாசினியானஸ் என்ற அந்த நீளப் பெயர் ட்ரியெஸ்ட் நகரத்தின் மேயராகவும் தாவரவியலாளராகவும் இருந்த முட்ஸியோ தொம்மாசினியின் நினைவாக வைக்கப்பட்டது. தோட்டக்காரர்கள் சுருக்கமாக டாமி என்பார்கள். புதிதாகத் தொடங்குபவர் ஒரே ஒரு வகைதான் வாங்குவேன் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பூ மெலிது, மழையில் சாய்ந்துவிடும், டச்சு வகையின் கம்பீரம் கிடையாது. ஆனாலும் சீக்கிரம் வரும், அணில் விட்டுவிடும், தானே விதைபோட்டுப் பரவும்.

பரவும் என்று சும்மா சொல்லவில்லை. போன வாரம் மரத்தடியிலிருந்து இரண்டு அடி தள்ளி, நடைபாதைக் கற்களின் இடுக்கில் புல் முளைத்திருக்கிறது என்று பிடுங்கக் குனிந்தேன். இழை இழையாக ஏழு. ஒவ்வொன்றும் ஒற்றை இலை, தையல் நூல் கனம். ஒன்றை மட்டும் மண்ணோடு நெம்பிப் பார்த்தேன், அடியில் கடுகளவு வெள்ளைக் கிழங்கு. அப்படியே திரும்ப வைத்து, ஈர மண்ணால் அழுத்திவிட்டேன். பூக்க இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். யாரும் மிதித்துவிடாமல் மகள் சுற்றிலும் கூழாங்கல் அடுக்கி வைத்திருக்கிறாள்.